ஆத்துக்குப் போற பாதையில ரஹ்மத் நகர்

ரஹ்மத் நிஷா பிளாட்டு போட்டு விக்குதாம். போன வருசம் ஆவுடையார்கோவில் கடைத்தெருவுல யாரக் கேட்டிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாங்க. சந்தைக்குப் பின்னாடி கண்மாய்க்கரை ஏறி எறங்குனா ஒரு பொட்டல் கெடக்குல்ல, வெள்ளாறு வரைக்கும், அம்புட்டையும் வளைச்சாச்சாம். புருஷன் துபாய்ல சம்பாரிச்சதாம். ரஹ்மத் நகர்னு பேரு கூட வச்சாச்சாம். ஆர்ச்சு கட்ட காரைக்குடியிலேருந்து ஆளு வந்து பாத்துட்டுப் போயாச்சாம். உள்ள பார்க்கு வருதாம், பள்ளிவாசல் வருதாம், ஒத்துமையா இருக்கட்டும்னு ஒரு பிள்ளையார் கோயிலும் வருதாம். சொன்னவன இன்னும் கொஞ்ச நேரம் பேச விட்டிருந்தா ஏர்போர்ட்டும் வந்திருக்கும்.

ஆதாரம் இல்லாம எங்க ஊர்க்காரன் பேச மாட்டான். ஞாயித்துக்கெழமையானா அந்தம்மா ஒரு கூட்டத்த பிள்ள குட்டியோட பொட்டலுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போகுது. நீங்களே சொல்லுங்க. நம்ம ஜில்லாவுல குடும்பம் குடும்பமா தொப்பி போட்டுக்கிட்டு, தண்ணி பாட்டலோட, ஒண்ணுமே இல்லாத பொட்டலுக்குள்ள எதுக்குப் போவாங்க? சைட்டு பாக்கத்தான். வேற எதுக்கும் போயி நான் பாத்ததில்ல.

பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு பஞ்சர் கடை. டியூபுக்கு காத்து அடிக்கிற நேரத்துல நாலு சேதி காதுல விழும். ஆனா இந்தச் சேதியில உள்ளது எதுன்னு எனக்கு நேராவே தெரியும். பாதையில முள்ளு போட்ட அன்னைக்கு நானும் அங்கனதான் நின்னேன். மிச்சத்த நிஷாவோட புருஷன் பாயே எங்கடை பெஞ்சுல உக்காந்து சொன்னாரு. கேளுங்க.

நிஷா பொறந்தது மீமிசல். அதோட அத்தா மீன் ஏலம் எடுக்குறவரு. அதான் அதுக்குக் கொரல் அப்புடி, கடல் சத்தத்துக்கு மேல பேசிப் பழகுன கொரலு. ஆவுடையார்கோவிலுக்கு வாக்கப்பட்டு வந்துச்சு. மாப்பிள்ளை பக்கீர் முகமது. துபாய்ல மளிகைக்கடையில வேலை. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவாரு, பெட்டியப் பிரிப்பாரு, தெருவுக்கே தைலமும் சோப்பும் குடுப்பாரு, மறுபடி பெட்டியக் கட்டுவாரு. கல்யாணம் ஆனதுலேருந்து ரெண்டு பேரும் சேந்து இருந்த நாளக் கூட்டுனா பள்ளிக்கூடத்து முழுப்பரீட்சை லீவு கொஞ்சம் தேறும், அம்புட்டுத்தான். நடுவுல வீடு கட்டுனது, கரண்டு ஆபீஸ்ல சண்டை போட்டது, ஒத்தப் பொண்ண கீரனூர்ல கட்டிக் குடுத்தது, ஸ்கூட்டி பழகுறேன்னு எங்கடை வாசல்ல விழுந்து என் தண்ணித் தொட்டிய ஒடச்சது, எல்லாம் நிஷா தனியாத்தான் செஞ்சுச்சு.

அப்புறம் பாய்க்கு ஒரு நாளு கடையில நிக்கும்போதே ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. ஸ்ட்ரோக்கு. அங்கேயே ஆஸ்பத்திரியில வச்சிருந்து, கொஞ்சம் தேறுனதும் மொதலாளி டிக்கெட்டு போட்டு அனுப்பிட்டாரு. பேச்சு வந்துருச்சு. கையும் வந்துருச்சு. எடது காலு மட்டும் வரல. பாதம் தூக்காது, தரையோட இழுத்துக்கிட்டே வரும்.

அறந்தாங்கியில பிசியோதெரபி பண்ற பையன் நிஷாவ தனியா கூப்புட்டு சொல்லிருக்கான். "நடந்தா வரும்மா. நடக்காம உக்காந்துட்டாருன்னா காலு வெறச்சிரும், அப்பறம் நாம நெனச்சாலும் வராது. மேடு பள்ளத்துல நடக்கட்டும். மணல்ல நடந்தா இன்னும் நல்லது."

நடக்குறது லேசு. எங்கன நடக்குறது?

வெளிநாட்டுக்குச் சம்பாரிக்கப் போற சபுராளி வீட்டுல இருக்குறவங்களுக்கு நான் சொல்ல வேணாம். வெளிநாட்டுலேருந்து ஒருத்தன் வந்து தெருவுல கால வச்சா மூணு கேள்வி உண்டு. எப்ப வந்தீங்க, எத்தன மாசம் லீவு, எப்பத் திரும்பிப் போறீங்க. கேக்குறவன் கெட்டவன் இல்ல. அது எங்களுக்கு வணக்கம் சொல்றாப்புல. மொத ரெண்டு கேள்விக்கு பாய் பதில் சொல்லிட்டாரு. மூணாவதுக்கு "அடுத்த மாசம்"னாரு. அடுத்த மாசமும் வந்துச்சு. "விசா வேலை நடக்குது"ன்னாரு. அப்பறம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஊருக்கெல்லாம் சோப்பு குடுத்த மனுஷன், நான் இனிமே போகலன்னு சொல்ல வாய் வரல. வெளிய வர்றத நிப்பாட்டிட்டாரு.

வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கு மட்டும் ஆட்டோவுல போவாரு. பள்ளியில வாசப்படி ஓரமா நாக்காலி போட்டு உக்காருவாரு, தொழுகை முடிஞ்சதும் மொத ஆளா கெளம்பிரலாம்னு. ஆனா காலு இழுக்குதே. செருப்பப் போடுறதுக்குள்ள பின்னாடி வந்தவன் புடிச்சுக்குவான். "என்ன பாய், எப்பத் திரும்பிப் போறீங்க?"

நிஷா மொட்டைமாடியில நடக்கச் சொல்லுச்சு. நடந்தாரு. எதுத்த மாடியில துணி காயப்போட வந்த பொம்பள அங்கிட்டு இருந்து கத்துச்சு, "அண்ணே, லீவு முடியலையா?" அன்னைக்கோட மாடியும் போச்சு. வீட்டுக்குள்ள கட்டில்லேருந்து டிவிக்கு, டிவியிலேருந்து கட்டிலுக்கு. காலு கொஞ்சங் கொஞ்சமா வெறைக்க ஆரம்பிச்சுச்சு. நிஷா தெனமும் ராத்திரி எண்ண போட்டுத் தேய்க்கும், அதுக்குத் தெரியும்ல, கெண்டைக்கால் கல்லு மாதிரி ஆகிக்கிட்டு வர்றது.

"நடங்க"ன்னு சொன்னா, "நீ என்ன, பிள்ளைக்கு நடை பழக்குற மாதிரி பழக்கப் போறியா?"ன்னு கோவம். அந்த மனுஷனுக்குக் கோவம் வரும்னே அதுக்கு அப்பத்தான் தெரியும். ஃபோன்ல கோவப்பட்டதே இல்லையே.

அதுக்கு வழி காட்டுனது பக்கத்து வீட்டு நாஜியா. நாலு வயசு. அவங்க உம்மா ஒரு ஞாயித்துக்கெழம பிள்ளைய நிஷாகிட்ட விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. ஃபோனு குடுன்னு ஒரே அழுகை. தாங்க முடியாம நிஷா அதக் கண்மாய்க்கரைப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போச்சு. அந்தப் பிள்ள நடந்த லட்சணத்தக் கேளுங்க. ஒரு எடத்துல எறும்பு பாக்க உக்காந்துச்சு. ஒரு எடத்துல ஆட்டுப்புழுக்கைய எண்ணுச்சு. மயில் கத்துனா நின்னுச்சு, கத்தாட்டி ஏன் கத்தலன்னு நின்னுச்சு. பொட்டலத் தாண்டுறதுக்குள்ள வெயிலே ஏறிப்போச்சு. மத்த ஆளா இருந்தா முதுகுல ஒண்ணு வச்சிருக்கும். நிஷா அப்புடியே நின்னு பிள்ள நடக்குறதப் பாத்துச்சாம். பாயோட நடை இதே வேகம்தான்.

வீட்டுக்கு வந்து பாய்கிட்ட, "இங்க பாருங்க, தெருவுல உள்ள பிள்ளைகளெல்லாம் ஃபோனும் கையுமா கெட்டுப் போகுதுக. ஞாயித்துக்கெழம ஆறு வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். நான் முன்னாடி போயிருவேன். பின்னாடி ஒரு பிள்ள தங்கிருச்சுன்னா யாரு பாக்குறது? நீங்க கடைசியா வரணும். உங்களத் தாண்டி ஒரு பிள்ள பின்னாடி நிக்கக்கூடாது"ன்னுச்சு.

"பொட்டல்ல ஆளு இருப்பாங்களா?"

"ஆடு இருக்கும். ஆடு வந்து எப்பத் திரும்பிப் போறீங்கன்னு கேக்காது. கெளம்புங்க."

மொத வாரம் நாஜியாவும் அவங்க உம்மாவும். அடுத்த வாரம் தெருவுல இன்னும் ரெண்டு வீடு. அப்பறம் ஸ்கூல் டீச்சர் குடும்பம், பேங்க்குக்காரரு குடும்பம், ஆறு மாசப் பிள்ளைய துணியில கட்டி நெஞ்சோட போட்டுக்கிட்டு ஒரு நர்சம்மா. கண்மாய்க்கரையில ஏறி, பொட்டல்ல எறங்கி, பனைமர வரிசையோட போயி, சீமக்கருவைக்கு நடுவுல ஒத்தையடிப் பாதையில நொழஞ்சு எறங்குனா வெள்ளாறு. தண்ணி எங்க இருக்கு, மணல்தான். ஆனா பிள்ளைக கையால தோண்டும். முழங்கை ஆழம் போனா அடியில ஊறும். அந்தத் தண்ணி தெளியுற வரைக்கும் அதுகளா சத்தம் போடாம உக்காந்திருக்கும். வீட்டுல அடிச்சாலும் உக்காராதுக. அவிச்ச கடலையும் வாழப்பழமும் தின்னுட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். நிஷா போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு, யாரும் அவசரப்படுத்தக் கூடாது. பிள்ளை நின்னா எல்லாரும் நிக்கணும். குடும்பத்தோட வர்றவங்களுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. பிள்ளைக மேல அந்தம்மாவுக்கு எம்புட்டு பொறுமைன்னு பேசிக்கிட்டாங்க.

பாய் கடைசியா வருவாரு, கையில ஒரு கம்பு. நாஜியாவும் கடைசியாத்தான் வரும். அவரு காவலுக்கு வர்றாருன்னு எல்லாரும் நெனச்சாங்க. அவரும் அப்புடித்தான் நெனச்சாருன்னு நிஷா நெனச்சுக்கிட்டு இருந்துச்சு.

கெண்டைக்கால் கொஞ்சம் எளகுச்சு. பாதம் இன்னும் தூக்கல. பிசியோ பையன், "விட்றாதீங்க, இன்னும் ஒரு சீசன் இதே மாதிரி போனா தூக்கிருவாரு"ன்னான்.

அந்த நேரத்துலதான் ரஹ்மத் நகர் கெளம்புச்சு.

கெளப்புனவரு யாருன்னு எனக்குத் தெரியும், சொல்லக் கூடாது. சரி, சொல்லிர்றேன், சரவணக்குமார். நம்ம ஊரு ரியல் எஸ்டேட் புரோக்கரு. தனக்குத் தெரியாம தாலுகாவுல ஒரு சென்டு கைமாறுனா அவருக்குச் சோறு எறங்காது. என் கடையில வண்டிக்கு காத்து அடிக்கும்போது சொல்றாரு, "அண்ணே, பொம்பள பயங்கரமான ஆளு. பிள்ளைகள வாக்கிங் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே மொத்தத்தையும் அளந்துருச்சு. பொட்டல்ல கோடு கெடக்காம். ஆடு மேய்க்கிற அழகுமலை பாத்திருக்கான். கண்மாய்லேருந்து ஆறு வரைக்கும் ஒரே கோடு."

அடுத்த ஞாயித்துக்கெழம அவரே சம்சாரம் சரண்யாவையும் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு நடைக்கு வந்துட்டாரு, உளவு பாக்க. கறுப்புக் கண்ணாடி வேற. நானும் போனேன். மூலை மனை ஒண்ணு வடக்கு பாத்து கெடைக்குதான்னு பாப்போமேன்னு.

நிஷா வந்தவங்களையெல்லாம் "வாங்க, வாங்க"ன்னுச்சு. பொட்டல்ல போகும்போது சரவணக்குமார் பக்கத்துல போயி மெதுவா, "தங்கச்சி, தண்ணி வசதி எப்புடி?"ன்னு கேட்டாரு.

"ஆத்துல தோண்டுனா வரும்ணே. பிள்ளைகளுக்குக் காட்டுறேன், வாங்க."

அவரு என்னயப் பாத்து கண்ணடிச்சாரு. பாத்தியா, எப்புடி பிடி குடுக்காமப் பேசுதுன்னு அர்த்தம்.

பனைமரத்தத் தாண்டுனோம். ஆத்துக்கு எறங்குற ஒத்தையடிப் பாதை வாயில இடுப்பு ஒசரத்துக்கு முள்ளு. சீமக்கருவைய வெட்டிப் போட்டு அடைச்சிருக்கு. அந்தாண்ட அழகுமலை தோள்ல தொரட்டியோட நிக்கிறான். பின்னாடி அவன் ஆடுக.

"எங்கன போறீங்க?"ன்னான்.

"ஆத்துக்குண்ணே. வாராவாரம் போறதுதானே"ன்னுச்சு நிஷா.

"ஆத்துக்குப் போறவங்க போகலாம். பிளாட்டுக்குப் போறவங்களுக்கு இங்கிட்டு வழி இல்ல."

"பிளாட்டா? யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. ஆர்ச்சு எங்கன வைக்கப் போறீகன்னு மட்டும் சொல்லிருங்க ஆத்தா. ஆட்ட இப்பவே வித்துட்டு அதுல வாச்சுமேன் வேலைக்குச் சேந்துக்கிறேன்."

சரவணக்குமார் குனிஞ்சு செருப்பு வார சரி பண்ண ஆரம்பிச்சாரு. அவரு செருப்புல வாரே இல்ல.

"அண்ணே, சத்தியமா பிளாட்டெல்லாம் இல்ல. பிள்ளைக சும்மா நடக்கட்டுமேன்னு கூட்டிக்கிட்டு வர்றேன்."

அழகுமலை சிரிச்சுட்டான். "சும்மா நடக்க வர்றாகளாம். கார் வச்சிருக்கவுக, பைக் வச்சிருக்கவுக, தார் ரோட்ட விட்டுட்டு முள்ளுக்குள்ள சும்மா நடக்க வர்றாக. ஆத்தா, தெக்க என் மாமன் மேய்ச்ச பொட்டல்லயும் இப்புடித்தான் வந்தாக. பிள்ள குட்டியோட வந்தாக. மத்தியானம் பிரியாணி போட்டாக. அடுத்த மாசம் கல்லு நட்டாக. இன்னைக்கு மாமன் திருப்பூர்ல பனியன் மடிக்குறாரு. நான் மடிக்க மாட்டேன்."

அவன் பேசுனதுல தப்பு என்ன இருக்கு? பொட்டல் போனா அவனுக்கு ஆடு போச்சு. ஆனா இந்தப் பக்கம் நிஷாவுக்கு மொகம் செத்துப் போச்சு. இந்த வழிய விட்டா ஆத்துக்கு எறங்க வேற எறக்கம் இல்ல, அங்கிட்டெல்லாம் செங்குத்தா கரை. மணலு இல்லன்னா காலு இல்ல. உண்மையச் சொன்னா அழகுமலை விட்டுருவான். ஆனா உண்மையச் சொல்லணும்னா இத்தன பேரு முன்னாடி, என் புருஷனுக்காகத்தான் உங்களையெல்லாம் இழுத்துக்கிட்டு அலையுறேன்னு சொல்லணும். சொல்லிட்டா அந்த மனுஷன் அடுத்த வாரம் வாசல் தாண்ட மாட்டாரு. மீன் ஏலத்துக் கொரலு, அன்னைக்கு ஒரு வார்த்த வரல.

"பேசுங்க ஆத்தா. அளக்கலைன்னா அந்தக் கோடு எப்புடி வந்துச்சு? வாராவாரம் நான் பாக்குறேன். நீங்க போன பெறகு கண்மாய்லேருந்து இம்புட்டு தூரமும் ஒரு கோடு. கயிறு புடிச்சு அளந்தாத்தான் அப்புடி விழும். என்னய என்ன, கண்ணு தெரியாதவன்னு நெனச்சீகளா?"

எல்லாரும் திரும்பிப் பாத்தோம். நாங்க வந்த வழியில செம்மண்ணு மேல பிள்ளைக காலு, பெரியவங்க செருப்புன்னு தடம் தடமாக் கெடக்கு. கோடு ஒண்ணும் காணோம். அப்பத்தான் தூரத்துல கடைசி ஆளு வந்துக்கிட்டு இருந்தாரு. நாஜியா முன்னால ஒரு குச்சிய வச்சு மண்ணக் கிண்டிக்கிட்டே வருது. பின்னாடி பாய். வலது காலு வைக்கிறாரு, எடது கால இழுக்குறாரு. வலது காலு வைக்கிறாரு, இழுக்குறாரு. அவரு பின்னாடி பொட்டல் நெடுக, பென்சிலால போட்ட மாதிரி, கோடு நீண்டுக்கிட்டே வருது.

அழகுமலைக்கு வாய் தொறந்தது தொறந்தபடி.

பாய் பக்கத்துல வந்தாரு. மூச்சு வாங்குச்சு. முள்ளப் பாத்தாரு, அழகுமலையப் பாத்தாரு, நிஷாவப் பாத்தாரு. "என்ன தகராறு?"

நிஷா, "ஒண்ணுமில்லீங்க, வேற பக்கம் போவோம்"னுச்சு.

அழகுமலைதான், "இல்ல பாய்... கோடு... கயிறு புடிச்சு அளக்குறாங்கன்னு"ன்னு இழுத்தான்.

பாய் திரும்பி தான் வந்த வழியப் பாத்தாரு. அந்தக் கோட்ட அவரும் அன்னைக்குத்தான் பாக்குறாரு. நடக்குறவன் தன் தடத்தத் திரும்பிப் பாக்குறதில்லையே. அப்பறம் லுங்கிய கொஞ்சம் தூக்கி எடது கால முன்னால வச்சுக் காட்டுனாரு.

"கயிறு இல்ல தம்பி, காலு. துபாய்ல இழுத்துக்கிச்சு. தூக்க வரல. மணல்ல நடந்தா வரும்னாங்க, நடக்குறேன். பிள்ளைகள நான் காவல் காக்குறேன்னு என் சம்சாரம் எங்கிட்ட சொல்லிவச்சிருக்கு. இந்த நாஜியாவ விட மெதுவா நடக்குற ஆளு யாரக் காவல் காக்குறது? ஒத்த வாரத்துலயே தெரிஞ்சு போச்சு எனக்கு. அது இம்புட்டு மெனக்கெடுதேன்னு நானும் தெரியாத மாதிரி வந்துக்கிட்டு இருக்கேன்."

நிஷா முக்காட்ட இழுத்து மொகத்தத் தொடச்சுக்கிச்சு. வெயில்னு வச்சுக்கங்க.

அழகுமலை தொரட்டிய முள்ளுல மாட்டி ஒரே இழுவையா இழுத்து ஓரத்துல தள்ளுனான். ஒரு கெளைய கையாலயே புடிச்சு இழுத்து கையில முள்ளு ஏத்திக்கிட்டான். "மன்னிச்சுக்கங்க பாய். மொதல்லயே கேட்டிருக்கலாம்." அப்புறம் என்ன தோணுச்சோ, தோள்துண்ட எடுத்து எறக்கத்துல கெடந்த கூழாங்கல்லயெல்லாம் ஒதுக்கிவிட்டான்.

பாய் உடனே, "கல்லு கெடக்கட்டும்ப்பா. மேடு பள்ளம்தான் நல்லதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு"ன்னாரு.

எல்லாரும் எறங்க ஆரம்பிச்சாங்க. அந்த நேரம் பாத்து சரவணக்குமார், பழக்க தோஷம், நெசமாவே பாசமாத்தான், பாய் தோளத் தொட்டு, "அப்ப எப்பத் திரும்பிப் போறீங்க பாய்?"ன்னுட்டாரு. சரண்யா புருஷன் இடுப்புல கிள்ளுன கிள்ளு எனக்கே வலிச்சுச்சு.

பாய், "போகல"ன்னாரு. "விசாவ எப்பவோ கேன்சல் பண்ணியாச்சு. இனிமே இங்கதான்." சொல்லிட்டு மணல்ல எறங்கிட்டாரு. நாஜியா அவரு கையப் புடிச்சுக்கிட்டு, ஏற்கெனவே லேட்டு, சீக்கிரம் வாங்கன்னு அதட்டுச்சு.

அன்னைக்குப் பெறகு மூணாவது கேள்விய யாரும் கேக்கல, கேட்டாலும் பாய்க்குப் பதில் இருக்கு. இப்ப சாயங்காலமானா நடந்தே எங்கடைக்கு வர்றாரு. பாதம் கொஞ்சம் தூக்குது, கோடு அங்கங்க விட்டு விட்டுத்தான் விழுதுன்னு அழகுமலை சொல்றான். அவன் ஞாயித்துக்கெழம ஆட்ட ஓட்டிக்கிட்டு கூடவே வர்றான், பிள்ளைகளுக்குக் குட்டிய தூக்கக் குடுக்குறான். சரவணக்குமார் பிள்ளைக ஒரு வாரமும் விடுறதில்ல, அவரும் வேற வழியில்லாம வர்றாரு. கறுப்புக் கண்ணாடி மட்டும் போடுறதில்ல.

ஆனா கெளம்புன பேச்ச நிப்பாட்ட முடியுமா? போன வாரம் கூட சென்னையிலேருந்து ஒருத்தரு நிஷாவுக்கு ஃபோன் போட்டு, கெழக்கு பாத்த மனை ஒண்ணு இருக்குமான்னு கேட்டிருக்காரு. ஸ்கூட்டிக்கு காத்து அடிக்க அது எங்கடைக்கு வந்தப்ப நான் சொன்னேன், "தங்கச்சி, உன் கதைய நான் எழுதப் போறேன். பிளாட்டு இல்ல, புருஷன் மேல வச்ச பாசம்தான் அம்புட்டும்னு நல்லா வெவரமா எழுதிர்றேன். ஊருக்குத் தெரியட்டும்."

நிஷா ஹேண்டில்ல கைய வச்சபடி என்னய ஒரு பார்வை பாத்துச்சு.

"பாசமா? ஏண்ணே, வருசம் பூராம் வெளிநாட்டுல இருந்த மனுஷன் திடீர்னு இருபத்திநாலு மணி நேரமும் வீட்டுல கெடந்தா என்னாகும்னு உங்களுக்குத் தெரியுமா? மொளகா எதுக்கு இம்புட்டு, கதவ எதுக்குத் தொறந்த, ஃபேனு ஏன் சத்தம் போடுதுன்னு காலைலேருந்து ஒரே நச்சு. வெளிய தள்ளாட்டி எனக்கு ஸ்ட்ரோக் வந்திருக்கும். அத எழுதுங்க. அப்பறம் அந்த பிளாட்டு. மனை விக்கிறவ எவளாச்சும், வழியெல்லாம் முள்ளு, தண்ணி கெடையாது, வெயிலு மண்டையப் பொளக்கும், நல்ல செருப்பாப் போட்டுக்கிட்டு வாங்கன்னு சொல்லிக் கூப்புடுவாளா? நான் விக்கிறது ஒண்ணும் இல்ல. காத்த அடிங்க மொதல்ல, பின்னாடி டயர்ல."